ஒரே தெருவில் இரண்டு முருகேசன்

1976ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகம். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளரின் அறைக்குள் அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன் விதியை நொந்தபடி நுழைந்தார். காலை முழுவதும் ஒரு நிரலில் பிழையைத் தேடி அலுத்திருந்தார். பிழை அகப்படவில்லை, ஏனென்றால் அது அங்கே இல்லை. அதை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான், அதாவது இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றத்தான், மறந்துவிட்டார். அவர் கண்முன்னால் இருந்தது சரியான நிரல், இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ நேற்றைய நிரல். ஃபெல்ட்மனும் முந்தின நாள் மாலைதான் தன் வேலையில் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தார்.

இருவரின் எரிச்சலிலிருந்து பிறந்தது மேக் என்ற கருவி. எந்தக் கோப்பு எந்தக் கோப்புகளிலிருந்து உருவாகிறது என்று ஒரு பட்டியலை எழுதி வைக்கிறோம். மேக் ஒவ்வொன்றும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கிறது. மூலக் கோப்பு விளைந்த கோப்பைவிடப் புதியதாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் செய்கிறது. இவ்வளவுதான். இந்த எளிய யோசனைக்காக 2003இல் கணினித் துறையின் மதிப்புமிக்க விருதுகளில் ஒன்றான ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது. இன்று நாம் "பில்டு" என்று சொல்லும் வேலைக்கு, அதாவது எழுதிய மூலத்தை ஓடக்கூடிய பொருளாகக் கட்டி எடுக்கும் வேலைக்கு, முன்னோடி அதுதான்.

மேக்கின் கதையில் இன்னொரு சிறு விஷயம் உண்டு. அதன் பட்டியலில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே வெற்றிடம் போட்டால் ஏற்காது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இது சரியான ஏற்பாடு அல்ல என்று ஃபெல்ட்மனுக்கு சில வாரங்களிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகள் உடைந்துபோகும் என்று எண்ணி மாற்றாமல் விட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக விட்ட டேப், ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் நிரலர்களின் விரல்களில் நிற்கிறது. ஒன்றை வெளியே கொடுத்துவிட்டால் அதை நம்பி வேறொருவர் நிற்கிறார். இந்த அத்தியாயத்தில் வரும் சிக்கல்கள் அத்தனைக்கும் அடியில் இருப்பது இந்த உண்மைதான்.

ஜான்சனின் காலத்தில் நிரலர் பயன்படுத்திய கோப்புகளில் பெரும்பாலானவை அவர் கையாலோ பக்கத்து அறைக்காரர் கையாலோ எழுதப்பட்டவை. இன்று ஒருவர் ஒரு வங்கிச் செயலியையோ ரயில் முன்பதிவுத் தளத்தையோ கட்டும்போது, ஓடுகிற பொருளில் அவர் எழுதியது சிறு பங்குதான். தேதியைக் கணக்கிட ஒரு லைப்ரரி, தரவுத்தளத்தோடு பேச ஒன்று, நடந்ததைக் குறித்து வைக்க ஒன்று என எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. யாரோ முன்பே எழுதி, சோதித்து, ஒரு பதிப்பு எண் கொடுத்து, பொதுக் களஞ்சியத்தில் வைத்த நிரல் மூட்டைதான் லைப்ரரி. ஜாவா மொழியில் அந்த மூட்டைக்கு ஜார் என்று பெயர், களஞ்சியத்துக்கு மேவன் சென்ட்ரல் என்று பெயர். நமக்கு வேண்டியதை பில்டு கோப்பில் ஒரு வரியாக எழுதினால் போதும், வந்துவிடும். அந்த லைப்ரரிக்கு வேறு லைப்ரரி தேவைப்படும், அதற்கு இன்னொன்று. நாம் பத்து கேட்போம், வந்து இறங்குவது நூறாக இருக்கும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? நம் நிரல் "அ" என்ற லைப்ரரியையும் "ஆ" என்ற லைப்ரரியையும் கேட்கிறது. அ தன் பங்குக்கு "இ"யின் முதல் பதிப்பைக் கேட்கிறது. ஆ அதே இ-யின் இரண்டாம் பதிப்பைக் கேட்கிறது. படம் வரைந்தால் சீட்டுக்கட்டின் டைமன் வடிவம் கிடைக்கும்: மேலே நாம், நடுவில் அ-வும் ஆ-வும், கீழ் முனையில் இ. அ-வை எழுதியவரும் ஆ-வை எழுதியவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், வெவ்வேறு ஆண்டுகளில் எழுதியவர்கள். இருவரும் தவறு செய்யவில்லை. இருவரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்தது நாம். அந்தக் கீழ் முனையில் எந்த இ நிற்கப் போகிறது?

ஜாவாவின் பழைய ஏற்பாடு இதற்குச் சொல்லும் பதில் மிக எளிமையானது. ஒரு தெருவில் இரண்டு முருகேசன் குடியிருக்கிறார்கள் என்று வையுங்கள். கடிதத்தில் "முருகேசன், பிள்ளையார் கோயில் தெரு" என்று மட்டும் இருக்கிறது. தபால்காரர் தெருமுனையிலிருந்து வருகிறார், முதலில் வரும் முருகேசன் வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். இரண்டாவது முருகேசன் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஜாவாவில் அந்தத் தெருவுக்கு கிளாஸ்பாத் என்று பெயர். ஜார் மூட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பெயரைக் கேட்டால் வரிசையில் முதலில் கிடைப்பதுதான் கிடைக்கும். பதிப்பு எண் என்ற பேச்சே அங்கே இல்லை. அந்த எண் மூட்டையின் வெளியே ஒட்டிய சீட்டில் இருக்கிறதே தவிர, உள்ளே இருக்கும் பெயரில் இல்லை.

இதன் விளைவை ஓர் உண்மை நிகழ்வில் கிட்டத்தில் பார்க்கலாம். ஹடூப் என்பது பெருந்தரவைப் பல கணினிகளில் பரப்பி வைத்துக் கையாளும் மென்பொருள். ஹைவ் அதன்மேல் உட்கார்ந்து, எஸ்.க்யூ.எல். கேள்விகளை ஹடூப் செய்யக்கூடிய வேலைகளாக மாற்றிக் கொடுக்கிறது. இரண்டும் அப்பாச்சி அறக்கட்டளையின் திறமூலத் திட்டங்கள், இரண்டும் கூகுள் வெளியிட்ட குவாவா என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகின்றன. ஹைவ் 3.1.2 பதிப்போடு குவாவா 19 வருகிறது. ஹடூப் 3.2.1 பதிப்போடு குவாவா 27 வருகிறது. இரண்டையும் புதிதாக நிறுவி ஹைவ்வைத் தொடங்கினால், ஒரு கேள்விகூடக் கேட்பதற்கு முன் அது நின்றுவிடும். திரையில் வருவது "நோ சச் மெதட் எரர்". குவாவாவில் ப்ரீகண்டிஷன்ஸ் என்ற வகுப்பில் (கிளாஸில்) செக்ஆர்கியுமென்ட் என்ற மெதட், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதி, இல்லை என்கிறது இயந்திரம். உலகெங்கும் பெருந்தரவு படிக்கத் தொடங்கிய எத்தனையோ மாணவர்கள் முதல் நாளில் முட்டிக்கொண்ட சுவர் இது.

இதில் மனத்தைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. குவாவா 19இன் மூலத்தைத் திறந்து பார்த்தால் செக்ஆர்கியுமென்ட் இருக்கிறது! ஹடூப்பில் அதை அழைக்கும் வரியைப் பார்த்தாலும் தவறு தெரியாது. ஓர் அமைவுக்குக் கொடுத்த மதிப்பு வெறுமையாக இருக்கக் கூடாது, இருந்தால் அமைவின் பெயரோடு இந்தச் செய்தியைச் சொல் என்கிறது அந்த வரி. அவ்வளவுதான். அதே வரியை குவாவா 19ஐ வைத்துக் கம்பைல் செய்தாலும் ஒரு முனகலும் இல்லாமல் கம்பைல் ஆகும். அப்படியானால் இல்லாதது எது?

விடை கம்பைலரின் கையில் இருக்கிறது. நாம் மூலத்தில் எழுதுவது மெதட்டின் பெயரை. கம்பைலர் வகுப்புக் கோப்பில் எழுதுவது பெயரோடு நிற்பதில்லை. என்னென்ன வகைப் பொருள்களைக் கொடுக்கிறோம், எந்த வகை திரும்பி வருகிறது என்ற முழு முகவரியையும் அது பதிக்கிறது. பழைய குவாவாவில், செய்தியோடு வேறு பொருள்களையும் ஏற்கும் செக்ஆர்கியுமென்ட் வடிவம் ஒன்றுதான்: ஒரு நிபந்தனை, ஒரு செய்தி, மீதி எத்தனை பொருள் இருந்தாலும் அவற்றை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். கட்டும் வேலையைக் கம்பைலரே செய்துவிடும். ஆனால் நிபந்தனை சரியாக இருக்கும்போதும் ஒவ்வொரு அழைப்புக்கும் மூட்டை கட்டுவது நினைவக விரயம். அதனால் 2016இல் வந்த குவாவா 20இல் ஒரு பொருள், இரண்டு பொருள் கொடுப்பவர்களுக்கு என மூட்டை இல்லாத தனி வடிவங்களைச் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த நல்ல வேலை. ஹடூப்பை குவாவா 27 வைத்துக் கட்டியபோது, கம்பைலர் அந்தப் புதிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முகவரியைப் பதித்துவிட்டது. மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, முகவரி மட்டும் மாறிவிட்டது. ஓடும்போது தெருவில் முதலில் நின்றது 19. அந்த முருகேசனிடம் மூட்டை வடிவம் மட்டும்தான் இருந்தது.

தீர்வாக எல்லோரும் செய்வது இரண்டே கட்டளைகள்: ஹைவ்வின் கோப்புறையிலிருந்து குவாவா 19ஐ நீக்கு, ஹடூப்பிடம் இருக்கும் 27ஐ அங்கே நகல் எடு. வேலை செய்கிறது. ஏன் செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹைவ் 19ஐ வைத்துக் கட்டப்பட்டது, இப்போது 27ஓடு ஓடுகிறது. 27இல் புதிய வடிவங்கள் சேர்ந்திருந்தாலும் பழைய மூட்டை வடிவத்தை நீக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். எப்போதும் இப்படி அமையாது. குவாவா 17இல் ஸ்டாப்வாட்ச் என்ற வகுப்பை வெளியார் நேரடியாக உருவாக்கும் வழியை மூடிவிட்டார்கள். அது மாறக்கூடிய பகுதி என்று முன்பே குறித்துவைத்திருந்தார்கள்தான். ஆனாலும் அதை நம்பி எழுதிய நிரல்கள் புதிய குவாவாவைக் கண்டதும் விழுந்தன. பழைய ஹைவ், புதிய ஹடூப் இரண்டுக்கும் பொதுவாக ஒரு குவாவா கிடைத்தது நல்வாய்ப்பு. கிடைக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

ஹைவ் தொடங்கும்போதே விழுந்ததும் ஒரு வகையில் நல்லதுதான். ஜாவா ஓர் அழைப்பின் முகவரியை அந்த வரிக்கு வந்து சேரும்போதுதான் தேடுகிறது. அழைப்பு ஆண்டு இறுதிக் கணக்கு அறிக்கையில் மட்டும் ஓடும் வரியில் இருந்தால், பிழை மார்ச் 31 வரை உறங்கிக்கொண்டிருக்கும். சோதனைகள் எல்லாம் பச்சை விளக்கு காட்டும்.

*

சரி, பில்டு கருவி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்கிறது, தன் விதிப்படி. ஜாவா உலகில் பரவலாக உள்ள மேவன் பின்பற்றும் விதி, அருகில் இருப்பவருக்கே முன்னுரிமை என்பது. நம் நிரலிலிருந்து இரண்டு படி தள்ளி ஒரு லைப்ரரியின் பதிப்பு 1 இருக்கிறது, மூன்று படி தள்ளி அதே லைப்ரரியின் பதிப்பு 2 இருக்கிறது என்றால், மேவன் பதிப்பு 1ஐ எடுத்துக்கொண்டு 2ஐ விட்டுவிடும். புதியதா பழையதா என்று பார்க்காது, உறவில் யார் நெருக்கம் என்றுதான் பார்க்கும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் பில்டு கோப்பில் முதலில் எழுதப்பட்டது வெல்லும். அதாவது யாரோ ஒருவர் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று பட்டியலை அகர வரிசையில் மாற்றி அடுக்கினால், ஓடும் நிரல் மாறிவிடலாம். கிரேடில் என்ற கருவியின் விதி வேறு. கேட்கப்பட்டவற்றில் உயர்ந்த பதிப்பை அது எடுத்துக்கொள்ளும். ஒரே மூலத்தை மேவனிலும் கிரேடிலிலும் கட்டினால் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கிடைக்கக்கூடும்.

எனக்கு மேவனின் விதி பிடிப்பதில்லை. தூரத்துக்கும் பொருத்தத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அதன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நம் பில்டு கோப்பிலேயே ஒரு பதிப்பை நேரடியாக எழுதிவிட்டால் அதைவிட அருகில் எதுவும் இருக்க முடியாது, நம் சொல்தான் நிற்கும். முடிவை நாமே எடுக்க வேண்டும் என்றால் அதற்குக் கதவு திறந்திருக்கிறது. அதோடு மேவன் தான் செய்ததை மறைப்பதில்லை. டிபென்டென்சி ட்ரீயை, அதாவது எது எதைக் கேட்கிறது என்ற மரத்தை, காட்டு என்று கேட்டால் மரம் முழுவதையும் கிளை கிளையாக அச்சிடும். விரிவாகக் கேட்டால், முரண்பட்டதால் இது விடப்பட்டது என்று அந்தந்த வரியிலேயே எழுதிக் காட்டும். ஓடும் ஜாவாவிடமும் எந்த வகுப்பை எந்த ஜாரிலிருந்து எடுத்தாய் என்று கேட்க முடியும். எந்த முருகேசன் வீட்டுக் கதவு திறந்தது என்பது அதில் வெட்டவெளிச்சமாகிவிடும். பாதி நாள் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இந்த இரண்டு கேள்விகளைக் கேட்பது மேல்.

கட்டும்போது இருப்பது ஒன்று, ஓடும்போது இருப்பது ஒன்று என்பது சில இடங்களில் தெரிந்தே செய்யும் ஏற்பாடு. மேவனில் ஒரு லைப்ரரிக்கு "ப்ரொவைடட்" என்று குறித்தால், கம்பைல் செய்ய மட்டும் இது வேண்டும், மூட்டையில் வைக்காதே, ஓடும் இடத்தில் சர்வர் கொடுத்துவிடும் என்று பொருள். சர்வர் கொடுப்பது வேறு பதிப்பாக இருந்தால் குவாவாவில் பார்த்த அதே கதை. சென்னையிலோ கோவையிலோ எந்த மென்பொருள் அலுவலகத்திலும் மாதம் ஒருமுறையாவது காதில் விழும் "என் மெஷின்ல ஓடுதே" என்ற வாக்கியத்தில் பொய் கிடையாது. அவருடைய மெஷினில் தெரு வேறு வரிசையில் இருக்கிறது.

*

எல்லோரும் கேட்கும் பதிப்புகளை எல்லாம் பார்த்து, அத்தனைக்கும் பொருந்தும் ஒரு தேர்வைக் கணினியே கண்டுபிடிக்கட்டுமே? கேட்க எளிமையாக இருக்கும் இந்தக் கேள்விக்குள் கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நிறைய நிபந்தனைகளைக் கொடுத்து, எல்லாம் ஒருங்கே நிறைவேற வழி உண்டா என்று கேட்கும் கணக்கு அது. அந்த வகைக் கணக்குகளுக்கு எப்போதும் விரைவாக விடை தரும் வழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. லைப்ரரிப் பதிப்புகளைத் தேர்வதும் அதே வகைதான் என்பதைக் கூகுளின் கோ மொழிக் குழுவில் இருந்த ரஸ் காக்ஸ் 2016இல் தெளிவாக எழுதிக் காட்டினார். லினக்ஸின் மென்பொருள் பொதிகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதற்குப் பத்தாண்டு முன்பே இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். பைத்தான் மொழியில் லைப்ரரிகளை நிறுவும் பிப் கருவி 2020 நவம்பரில் முறையான தேடலுக்கு மாறியபோது பயனர்கள் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். சில வேளைகளில் அது ஒரு லைப்ரரியின் பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, பொருந்தாமல் பின்வாங்கி, அடுத்ததை இறக்கி என்று நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

காக்ஸின் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது கடினத்தை நிரூபித்ததைவிட, அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டியது. ஒரு லைப்ரரி குறிப்பிட்ட பதிப்புகளை மட்டும் கேட்கலாம், கேட்டது எல்லாம் இருந்தே ஆக வேண்டும், பதிப்புக்குப் பதிப்பு தேவைகள் மாறலாம், ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் சேர்ந்து இருக்க முடியாது. இந்த நான்கும் கூடினால்தான் முடிச்சு இறுகும். ஒன்றைத் தளர்த்தினால் அவிழ்ந்துவிடும். எதைத் தளர்த்துவது என்பதில்தான் ஒவ்வொரு மொழியின் குணமும் வெளிப்படுகிறது.

கோ மொழி முதல் நிபந்தனையைத் தளர்த்தியது. அங்கே "குறைந்தது இந்தப் பதிப்பு" என்று மட்டும்தான் கேட்கலாம், "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. எல்லோருடைய குறைந்தபட்சங்களில் பெரியதை எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது, தேடலே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் லைப்ரரிகளை நிறுவும் என்.பி.எம். கருவி நான்காவது நிபந்தனையைத் தளர்த்தியது. அ-வுக்கு அதன் இ, ஆ-வுக்கு அதன் இ, ஆளுக்கொரு நகல். சண்டையே வராது போலத் தோன்றும். ஆனால் ஓர் இணையப் பக்கத்தில் ரியாக்ட் லைப்ரரியின் இரண்டு நகல்கள் ஏறிவிட்டால் அதன் ஹூக் வசதி உடைந்துவிடும். ஒரு நகல் தன் நினைவில் குறித்துவைத்ததை மற்ற நகல் அறியாது.

ஜாவாக்காரர்கள் கண்டுபிடித்த வழி நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் இருப்பது. வகுப்பில் இரண்டு முருகேசன் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? இனிஷியல் சேர்ப்பார். கே. முருகேசன், எஸ். முருகேசன். ஷேடிங் என்ற முறை இதைத்தான் செய்கிறது. நாம் பயன்படுத்தும் லைப்ரரியின் நகலை நம் மூட்டைக்குள்ளேயே வைத்து, அதன் வகுப்புகள் அனைத்தின் பெயருக்கும் முன்னால் நம் பெயரைச் சேர்த்து, அழைக்கும் இடங்களையும் மாற்றி எழுதிவிடுகிறது. இனி அது வேறு பெயர், தெருவில் யாரோடும் மோதாது. ஹடூப் பின்னாளில் தன் குவாவாவுக்கு இப்படித்தான் இனிஷியல் போட்டுக்கொண்டது. ஓ.எஸ்.ஜி.ஐ. என்ற இன்னொரு முறை பெயரை மாற்றாமல் தெருவையே பிரிக்கிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் தனித் தெரு, தனித் தபால்காரர். நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸ் 2004இலிருந்து இதன்மேல்தான் நிற்கிறது. அங்கேயும் ஒரு விலை உண்டு. இரண்டு தெருக்களில் ஏற்றப்பட்ட ஒரே பெயர் கொண்ட வகுப்பை ஜாவா இரண்டு வேறு வகைகளாகப் பார்க்கும். ஒரு தெருவின் பொருளை மறு தெருவில் கொடுத்தால், முருகேசனை முருகேசனாக ஏற்க முடியாது என்று பிழைச் செய்தி வரும். முதல் முறை அதைப் படிப்பவர் தன் கண்களைச் சந்தேகிப்பார்.

*

இனிஷியல் போடுவதற்கும் விலை உண்டு என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. லாக்4ஜே என்ற லைப்ரரி, நிரலில் நடப்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் சாதாரண வேலையைச் செய்வது. எழுதச் சொல்லும் வரிக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரி இருந்தால், அது அந்த முகவரிக்குப் போய் அங்கிருப்பதை இறக்கிக் கொண்டுவந்து இயக்கிவிடும் என்று அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு கண்டுபிடித்து நவம்பர் 24 அன்று தெரிவித்தது. செய்தி வெளியானபோது மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. டிசம்பர் முடிவதற்குள் 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று அடுத்தடுத்துத் திருத்தப் பதிப்புகள் வந்தன. உலகம் முழுவதும் பொறியாளர்கள் கேட்ட முதல் கேள்வி "எப்படித் திருத்துவது" என்பதல்ல. "நம்மிடம் அது இருக்கிறதா" என்பதுதான்.

பலருக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் யாரும் லாக்4ஜேயைக் கேட்டு வாங்கவில்லை. அது எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கூகுள் குழு மேவன் சென்ட்ரலை ஆராய்ந்து வெளியிட்ட முதல் கணக்கில் 35,000க்கும் மேற்பட்ட பொதிகள் பாதிக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை லாக்4ஜேயை நேரடியாகச் சார்ந்தவை அல்ல, பலவற்றில் அது ஐந்து படி கீழே இருந்தது. ஐந்து படி என்றால் கீழிருந்து ஒவ்வொருவராகத் திருத்தி வெளியிட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். ஷேடிங் செய்யப்பட்ட மூட்டைகளில் நிலைமை இன்னும் மோசம். கோப்பின் பெயரையும் வகுப்பின் பெயரையும் வைத்துத் தேடிய கருவிகளுக்கு இனிஷியல் மாறிய லாக்4ஜே அகப்படவில்லை. மோதலைத் தவிர்க்கப் பெயரை மாற்றினோம், ஆபத்து வந்தபோது அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

பதிப்பு எண்களை நம்பலாமா என்ற கேள்வியும் இங்கே வருகிறது. கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன் வெர்னர் வகுத்த முறைப்படி எண் மூன்று பகுதிகளாக இருக்கும். பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண் ஏறும், உடைக்காமல் புதிதாகச் சேர்த்தால் நடு எண், பிழைத்திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண். நல்ல மரபு, பின்பற்ற வேண்டியது. ஆனால் அது எழுதியவர் தரும் வாக்கு, இயந்திரம் சரிபார்த்த உண்மை அல்ல. எது உடைக்கும் மாற்றம் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரில் வழங்கும் விதி ஒன்று இதைச் சொல்கிறது: பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நாம் வாக்குக் கொடுத்ததை மட்டுமல்ல, வெளியே தெரியும் எந்த நடத்தையையும் யாரோ ஒருவர் சார்ந்திருப்பார். ஃபெல்ட்மனின் டேப்புக்குப் பன்னிரண்டு பேரே போதுமாக இருந்தது.

வாக்கை நம்புவதற்குப் பதில் நடந்ததை எழுதிவைக்கலாம். ரூபி மொழியின் பண்ட்லர் கருவி 2010 வாக்கில் பரவலாக்கிய பூட்டுக் கோப்பு அந்த வேலையைச் செய்கிறது. ஒருமுறை தேர்வு நடந்ததும், எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு எடுக்கப்பட்டது என்று கடைசி இலக்கம் வரை அதில் பதிவாகிறது. பின்னால் வந்த பல கருவிகள் ஒவ்வொரு மூட்டையின் கைரேகையையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட எண்ணையும், சேர்த்துப் பதிக்கின்றன. அடுத்த முறை கட்டும்போது தேர்வு கிடையாது, பட்டியலில் உள்ளதே வரும். ஒரு பைட் மாறியிருந்தாலும் கட்டுமானம் நின்றுவிடும். பூட்டுக் கோப்பை மூலத்தோடு சேர்த்துப் பாதுகாக்காத குழு, தான் என்ன ஓட்டுகிறது என்பதை நாளுக்கு நாள் சூழ்நிலையின் கையில் விடுகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் கைரேகை சரியாக இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருந்த நிகழ்வு 2024 மார்ச் 29 அன்று வெளியானது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டெபியன் லினக்ஸில் தன் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்.எஸ்.எச். வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போனவர் எக்ஸ்.இஸட். என்ற கோப்புச் சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்திருந்த கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். எஸ்.எஸ்.எச். தானாக எக்ஸ்.இஸட்டைக் கேட்பதில்லை. சில லினக்ஸ் வெளியீடுகளில் அது, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லைப்ரரியோடு இணைக்கப்பட்டிருந்தது, அந்த லைப்ரரி எக்ஸ்.இஸட்டை அழைத்துவந்தது. கள்ளக் கதவைத் திறக்கும் வரி மாற்றங்களைப் பதிந்துவைக்கும், எல்லோரும் படிக்கக்கூடிய கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த மூட்டையில், பில்டு அமைவுக் கோப்பு ஒன்றுக்குள் இருந்தது. படித்தவர்கள் பார்த்தது ஒரு நிரல், கட்டப்பட்டது வேறொரு நிரல். ஸ்டீவ் ஜான்சனுக்கு மறதியால் நேர்ந்ததை இங்கே ஒருவர் வேண்டுமென்றே செய்திருந்தார்.

மூலம் ஒன்று, கட்டப்பட்டது வேறொன்று என்று ஆவதற்கு எதிராக டெபியன் திட்டத்தில் 2013 முதல் ஒரு வேலை நடந்துவருகிறது. ஒரே மூலத்தைத் தொடர்பில்லாத இருவர் வெவ்வேறு கணினிகளில் கட்டினால், விளையும் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் இடையில் ஏதோ நுழைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெளியீட்டு மூட்டையையும் கிட்டிலிருந்து இப்படி மறுபடி உருவாக்கி ஒப்பிட்டால் எக்ஸ்.இஸட்டில் இருந்த கூடுதல் வரி வெளிப்படும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்து பார்த்தால் வேறுபாடுகள் எங்கிருந்தெல்லாமோ வருகின்றன. கட்டியவரின் கோப்புறைப் பெயர் உள்ளே பதிந்துவிடுகிறது. கோப்புகளை அடுக்கும் வரிசை கணினிக்குக் கணினி மாறுகிறது. எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை தருவது நேரம். கம்பைலர்களும் மூட்டை கட்டும் கருவிகளும் கட்டிய நேரத்தைப் பொருளுக்குள் எழுதிவிடுகின்றன. நேற்றுக் கட்டியதும் இன்று கட்டியதும் அதனாலேயே வேறாகிவிடுகின்றன.

கோப்பின் நேரத்தைப் பார்த்துத்தான் ஃபெல்ட்மனின் மேக் வேலை செய்தது. டெபியன் தன்னார்வலர்கள் இன்று ஒவ்வொரு பொதியிலிருந்தும் அதே நேரத்தைத் துடைத்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகச் சூழல் மாறி ஒன்றை உருவாக்கி, அதில் ஒரு தேதியை வைத்து, கடிகாரத்தைப் பார்க்காதே, இதையே எழுது என்று கருவிகளிடம் சொல்கிறார்கள். அந்தத் தேதியை அவர்கள் எடுப்பது பொதியின் மாற்றக் குறிப்பேட்டிலிருந்து. மனிதர் ஒருவர் கடைசியாக அதில் என்ன மாற்றினார் என்று எழுதிக் கையொப்பமிட்ட வரியில் இருக்கும் தேதி அது.